கோமுராவும் கைலியும்

அத்தியாயம் ஏழு

உலக நீதியில் அக்கறையுள்ளவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்கவும். மனித குலம் எண்பது வருடங்களாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த மகத்தான தருணம், சென்ற புதன்கிழமை காலை, யாங்கோன் மாநகரம் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பின்னால், ஒரு கருவாட்டுக் கடையின் மேல்மாடியில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குற்றவாளியைத் தான் பிடித்துவிட்டதாகத் துப்பறிவாளர் சகாயராஜ் அறிவித்தார். அறிவித்தபோது அவர் பனியன் போட்டு, கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, ஒரு கிண்ணம் மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் சூப்போடு தரையில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த மனித குலம், உதவியாளர் பெர்சிஸ் ஒருத்தி மட்டும்தான்.

நின்றவர்கள் உட்காரலாம்.

"மொதல்ல வாயத் தொடைங்க சார்," என்றாள் மனித குலம்.

முந்தைய ஆறு அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் வருந்த வேண்டாம். அந்த ஆறிலும் சகாயராஜ் தவறான ஆட்களைப் பின்தொடர்ந்து, நல்ல டீக்கடைகளைத்தான் கண்டுபிடித்தார். விஷயம் இவ்வளவுதான். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் பர்மாவிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போட்டது. போட்டது ராணுவம் என்று சரித்திரம் சொல்லும். மண் சுமந்தது பிடித்துக்கொண்டு போகப்பட்ட கூலிகள். அவர்களில் ஏராளமானவர்கள் தமிழர்கள். அதில் ஒரு முகாமில் சார்ஜென்ட் கோமுரா என்று ஒருவன் இருந்தான். அவன் விசில் ஊதினால் கூலிகள் வேலையை அப்படியே விட்டுவிட்டு இடுப்பை வளைத்து வணங்க வேண்டும். பிந்தியவன் பிழைப்பதில்லை. போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், கோர்ட் வைத்து கோமுராவைக் கூண்டில் நிறுத்தினார்கள். நேரில் பார்த்த ஒரே சாட்சி கடைசிவரை வரவில்லை. கோர்ட் அவனை விடுவித்தது. பிறகு அவன் எந்தக் கப்பலில் ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாத விஷயங்களுக்கென்றே ஐரோப்பாவில் ஒரு குழு இருக்கிறது. அதன் பெயர் 'எஞ்சிய போர்க்குற்றவாளிகளுக்கான சர்வதேசத் தேடல் குழு.' பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சியவர்களில் இரண்டு பேர் வயதாகிச் செத்துவிடுவார்கள் என்பது பெர்சிஸின் அபிப்பிராயம். கோமுரா கப்பலே ஏறவில்லை, பர்மாக்காரனாகப் பெயரை மாற்றிக்கொண்டு யாங்கோனிலேயே தங்கிவிட்டான் என்று குழு முடிவுகட்டியது. அவனைத் தேட உள்ளூரில் மூன்று துப்பறிவாளர்களைக் கேட்டார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாமவர் சகாயராஜ், கேள்வி முடிவதற்கு முன்பே சரி என்றுவிட்டார். அதுவரை அவருடைய தொழில், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதும் காணாமல் போன பூனைகளைத் தேடுவதும். மாப்பிள்ளைகளில் பலர் யோக்கியர்கள் என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். பூனைகள்தான் அவரை ஏமாற்றியதில்லை. அவை தாமாகவே வீடு திரும்பிவிடும்.

கடைசியில் நகரின் கிழக்கே தாகேதாவில், ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு ஆள் கிடைத்தது. பெயர் பா மௌங். இங்கே வயதானவர்களுக்கு 'ஊ' சேர்த்துச் சொல்வது மரியாதை என்பதால், ஊ பா மௌங். வயது தொண்ணூற்றேழா நூற்றைந்தா என்று அவருக்கே தெரியாது. பகலில் அதிகம் பேச மாட்டார். தூக்கத்தில் ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு எண்ணுவார். இது போதாதா? திங்கட்கிழமை சகாயராஜ் தன் மச்சானுடைய வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போய், ஒரு விசிலை ஊதிப் பார்த்தார். முற்றத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து, இடுப்பைத் தொண்ணூறு டிகிரி வளைத்துக் கும்பிட்டார். தூணுக்குப் பின்னாலிருந்து பெர்சிஸ் அதைப் போனில் வீடியோவாகப் படம் பிடித்தாள்.

அன்று இரவே சகாயராஜ் பதினொரு பக்க அறிக்கை எழுதினார். ஜப்பானியர்களின் ரத்தத்தில் ஊறிய வணக்கத்தைப் பற்றி மட்டும் எட்டுப் பக்கம். தலைப்பு: 'முடிந்தது வேட்டை.'

"பாங்காக்லேந்து குழுவோட வக்கீலே கெளம்பி வர்றாங்க," என்றார் சகாயராஜ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு. "என்னைப் பாக்க."

"பாவம். யாராவது சொல்லியிருக்கலாம்."

மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றை யாரோ இழுத்தார்கள். யாங்கோனில் படியேற விரும்பாதவர்கள் இழுக்கும் கயிறு அது. மேலே மணி அடித்தது. பெர்சிஸ் எட்டிப் பார்த்தாள். "வந்துட்டாங்க சார். ஹை ஹீல்ஸ். கருவாட்டுக் கூடைங்களுக்கு நடுவுல கண்ணிவெடி மேல நடக்கற மாதிரி நடக்கறாங்க."

சகாயராஜ் உள்ளே ஓடிப் பேன்ட் மாட்டினார். ஒரு கால் நுழைந்தது. மறு கால் யோசித்தது. எப்படியோ பொத்தான் போட்டு வெளியே வருவதற்கும் வக்கீல் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவரைப் பார்த்ததுமே சகாயராஜின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சொருகியிருப்பதாக நினைத்த மடிப்பை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டது. பேன்ட்டில் மடிப்பு ஏது? கை காற்றைப் பிடித்துக் காற்றை விட்டது.

"சார், அது பேன்ட்," என்று பெர்சிஸ் பல்லுக்கிடையில் சொன்னாள். "அத இறக்கி விட்டீங்கன்னா நாட்டுக்கே அசிங்கம்."

வந்தவர் பெயர் அர்ச்சனா தேனப்பன். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு காலத்தில் இதே ஊரில் வட்டிக்கடை வைத்திருந்து, கடையை விட்டுவிட்டுக் காரைக்குடிப் பக்கம் திரும்பிய செட்டியார் குடும்பம். தாத்தா இந்த ஊரிலிருந்து ஓடினார், பேத்தி இந்த ஊருக்கு நீதி வழங்க வந்திருக்கிறாள் என்பதை அவரே படியேறும்போது யோசித்திருக்க வேண்டும். முகத்தில் அந்தக் கம்பீரம் இருந்தது.

"மிஸ்டர் சகாயராஜ்," என்றார். "சரித்திரம் உங்களை மறக்காது."

"சரித்திரத்துக்கு டீ சொல்லவா சார்?" என்று கேட்டுவிட்டு, பெர்சிஸ் கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே இறக்கினாள்.

அர்ச்சனா மடிக்கணினியைத் திறந்தார். ஒரு பக்கம் 1945-இல் எடுத்த கோமுராவின் போட்டோ; இன்னொரு பக்கம் ஊ பா மௌங். "எங்க சாஃப்ட்வேர் முக அமைப்பை ஒப்பிட்டுப் பார்த்தது. அறுபத்தொரு சதவீதம் பொருத்தம். இது சாதாரண விஷயம் இல்லை."

"எங்க சார் போட்டோவையும் போட்டுப் பாருங்களேன் மேடம். சும்மா ஒரு ஆசைக்கு."

அர்ச்சனாவுக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் போட்டார். கணினி யோசித்தது. அறுபத்து நான்கு சதவீதம்.

சகாயராஜ் 1969-இல் பிறந்தவர் என்பதால் அன்றைக்குக் கைதாகாமல் தப்பித்தார்.

"முகம் ஒரு துணை ஆதாரம்தான்," என்றார் அர்ச்சனா, கணினியைக் கொஞ்சம் வேகமாகவே மூடி. "முக்கியமானது அந்த வணக்கம். அப்பறம் அவர் எண்ணுகிற எண்ணிக்கை. நடைமுறைப்படி நான் இல்லத்தோட டிரஸ்டிகளுக்குத் தகவல் சொல்லிவிட்டேன்."

அதைச் சொல்லி முடிக்கும்போதே சகாயராஜின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார், தன் புகழ் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. பேசியது புஷ்பா. தாகேதா இல்லத்தை நடத்துபவர். முன்பு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் ஊரே அவரை 'சாயிமா', அதாவது டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடும்.

"ஊ சகாயராஜா? நல்லா இருக்கியா? நல்லா இரு. திங்கக்கெழமை நீ வந்து விசில் ஊதிட்டுப் போனேல்ல, அதிலேந்து எங்க அபோ கட்டிலுக்கு அடியிலதான் இருக்காரு."

அபோ என்றால் தாத்தா. அந்த இல்லத்தில் எல்லோரும் ஊ பா மௌங்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சோறு உள்ள போகல. தண்ணி குடிக்கிறாரு, அதுவும் நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாதான். இப்ப டிரஸ்டிங்க போன் பண்றாங்க. கொலைகார ஜப்பான்காரனை வச்சிருந்தா ஒருத்தனும் நன்கொடை தர மாட்டானாம். சாயங்காலம் வந்து கட்டிலைக் காலி பண்ணணுமாம். கட்டிலைக் காலி பண்ணிட்டு ஆளை எங்க வைக்கிறது? உன் மாடியிலயா?"

"சந்தேகத்துக்குரியவங்க ஒளிஞ்சுக்கிறது உலகம் பூரா வழக்கம்தான்," என்றார் அர்ச்சனா தணிந்த குரலில்.

"அது யாரு பேசறது?"

"சரித்திரம்," என்றாள் பெர்சிஸ்.

சகாயராஜ் ஸ்பீக்கரை அணைத்தார். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு ஆளைக் கட்டிலுக்கடியில் அனுப்பியது அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அர்ச்சனா ஹோட்டல் காரில் முன்னால் போனார். சகாயராஜும் பெர்சிஸும் டாக்ஸியில் பின்னால் போனார்கள். பெர்சிஸ் திங்கட்கிழமை எடுத்த படத்தைப் போனில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தன தடவ பாப்ப?"

"நல்ல படம் சார். ஹீரோதான் வாட்ச்மேன் சட்டையில சகிக்கல."

புஸுண்டாங் ஓடையின் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். யூனிஃபார்முக்குப் பஞ்சமில்லாத ஊர். எந்த யூனிஃபார்ம், எதற்கு நிறுத்துகிறது என்று கேட்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. டிரைவர் லோஞ்சி என்ற பர்மியக் கைலி கட்டிய பர்மாக்காரர். இறங்கி, தலையை லேசாகத் தாழ்த்தி, டிக்கியைத் திறந்து காட்டினார். சகாயராஜையும் இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். அடையாள அட்டையைக் காட்டினார். போகச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

வண்டி பாலத்தில் ஏறியதும் பெர்சிஸ் கேட்டாள். "சார், இப்ப ஒங்க கை எங்க போச்சு?"

"பாக்கெட்டுக்கு. அட்டை எடுக்க."

"அதுக்கு முன்னால."

"எங்கயும் போகல."

"இடுப்புக்குப் போச்சு. காலையில மேடத்தப் பாத்தப்ப போச்சே, அதே மாதிரி."

சகாயராஜ் யோசித்தார். "அது பழக்கம். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். கைலிய மடிச்சுக் கட்டியிருப்பாரு. பெரிய ஆளப் பாத்தா இறக்கி விட்டுருவாரு. இல்லன்னா மரியாதையில்லையே."

"டிரைவர் கை எங்க போச்சு?"

"அவரு எதுக்கு இறக்கணும்? அவரு லோஞ்சிய முன்னால முடிச்சுப் போட்டு கணுக்கால் வரைக்கும் விட்டிருக்காரு. இவங்க வேலைன்னா காலுக்கு நடுவுல இழுத்துப் பின்னால சொருகுவாங்களே தவிர, முழங்காலுக்கு மடிச்சுக் கட்டறது..." அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க சார். மடிச்சுக் கட்டறது?"

"நம்ம ஆளுங்கதான்."

பெர்சிஸ் போனை நீட்டினாள். படத்தில் விசில் ஒலித்தது. கிழவர் எழுந்தார். எல்லோரும் பார்த்தது அவருடைய முதுகை. முதுகு வளைவதற்கு முன்னால், கண் சிமிட்டும் நேரத்தில், வலது கை இடுப்புக்குப் போய், அங்கே இல்லாத ஒரு மடிப்பை அவிழ்த்துக் கீழே விட்டது. அதற்குப் பிறகுதான் குனிந்தார்.

சகாயராஜ் இரண்டாவது முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்க்கத் தைரியம் வரவில்லை. பதினொரு பக்க அறிக்கையில் கை என்ற சொல்லே ஓரிடத்தில்தான் வருகிறது: 'கையும் களவுமாக.'

"இன்னொண்ணு சார். ரொம்ப சின்ன சந்தேகம். கோமுரா குனிய வச்சவன்தானே? அவன் எதுக்கு விசில் சத்தம் கேட்டுக் குனியப் போறான்?"

"அந்த எண்ணிக்கை?"

"தினம் காலையில வரிசையில நிக்க வச்சு ஜப்பான் பாஷையில எண்ணச் சொன்னா எனக்குந்தான் வரும். ஒங்களுக்கு இங்கிலீஷ்ல எண்ண வருதுங்கறதுக்காக நீங்க இங்கிலாந்து ராஜாவா?"

சகாயராஜ் ஜன்னல் வழியாகத் தாகேதாவைப் பார்த்தார். தாகேதா அவரைப் பார்க்க விரும்பாத மாதிரி தகரக் கூரைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. "நானும் நேத்து இதே கோணத்துல கொஞ்சம் யோசிச்சேன்," என்றார்.

"எந்தக் கோணம் சார்? தொண்ணூறு டிகிரியா?"

இல்லத்தில் சாயிமா புஷ்பா வாசலிலேயே காத்திருந்தார். சகாயராஜைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை முழங்கால் போட வைத்த அனுபவம் தெரிந்தது. அறைக்குள் அர்ச்சனா கட்டிலிலிருந்து மரியாதையான தூரத்தில் நின்று, கட்டிலுக்கு அடியில் இருந்தவரிடம் அவருடைய உரிமைகளை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

சகாயராஜ் செருப்பைக் கழற்றினார். தரையில் வயிற்றை வைத்துப் படுத்தார். அது சுலபமாக நடக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சுவரோரமாக இரண்டு முழங்கால்களும் இரண்டு கண்களும் தெரிந்தன.

"ஐயா," என்றார் தமிழில். "திங்கக்கெழமை விசில் ஊதினது நான்தாங்க. நான் ஜப்பான்காரன் இல்ல. போலீஸ் இல்ல. வாட்ச்மேன்கூட இல்ல. அந்தச் சட்டை என் மச்சானோடது."

பெர்சிஸும் குனிந்து பார்த்தாள். "சார் சொல்றது நெசந்தாங்கய்யா. அவரு ஒண்ணுமே இல்ல."

உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வந்தது. அப்புறம் ஒரு குரல். தமிழ்.

"எந்தக் கங்காணி ஆளு நீ?"

கூலி மேஸ்திரியைக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சகாயராஜ் தன் அப்பா வாயில் கேட்டதோடு சரி. "எந்தக் கங்காணியும் இல்லீங்க. க்யிம்யிண்டைங்."

"க்யிம்யிண்டைங்கா? கப்பல் ஜெட்டி இருக்கா இன்னும்?"

"இருக்குங்க. கருவாட்டு நாத்தமும் இருக்கு. வேணும்னா என் சட்டைய மோந்து பாருங்க."

கிழவர் உண்மையாகவே மூக்கை முன்னால் நீட்டினார். திருப்தியாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகத் தவழ்ந்து வெளியே வந்தார். பெர்சிஸும் சாயிமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள்.

"அபோவுக்குத் தமிழ் தெரியுமா?" சாயிமாவின் முகம் வெளுத்துவிட்டது. "இத்தன வருஷமா இந்த ரூம்ல நின்னுக்கிட்டு உங்களப் பத்தித் தமிழ்ல நான் என்னென்னவோ பேசியிருக்கேனே."

"எல்லாம் கேட்டுது சாயிமா. ரெண்டு சரிதான்."

அர்ச்சனா முன்னால் வந்தார். குரலில் சட்டம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "உங்க உண்மையான பெயர் என்ன?"

"பழனி. அப்பன் பேரு வீரன். ஜெட்டியில மூட்ட தூக்கினோம், நானும் எங்கண்ணனும்."

அர்ச்சனா கட்டிலின் ஓரத்தில், தூசி தட்டாமல், உட்கார்ந்தார். சகாயராஜைப் பார்த்துப் பேசினார், தானே நம்பாததுபோல. "நாப்பத்தாறாம் வருஷக் கேஸ்ல வராம போன அந்த ஒரே சாட்சி. பழனி, கூலி, க்யிம்யிண்டைங். கோர்ட் எட்டு நாள் அவருக்காகக் காத்துக்கிட்டிருந்துது."

"நீங்க ஏன் போகல அபோ?" என்று கேட்டார் சாயிமா.

"யாரு கூப்பிட்டா? லாரி வந்துது. பூட்ஸ் காலோட குதிச்சாங்க. ஒருத்தன் விசிலு ஊதி என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். அது வெள்ளக்காரன் விசிலா, ஜப்பான்காரன் விசிலான்னு நின்னு கேட்டுக்கிட்டா இருக்க முடியும்? பின்பக்கமாக் குதிச்சு ஓடினேன். இன்சீனுக்குப் போயி பா மௌங்கா ஆயிட்டேன்."

"இன்சீன்ல என்ன வேலைங்கய்யா?" என்று கேட்டார் சகாயராஜ்.

"ரயில் பட்டறை."

"ரயிலுக்குப் பயந்து ஓடி ரயில்லயா?" என்றாள் பெர்சிஸ்.

"அங்க யாரும் குனியச் சொல்லல, தாயி."

"பயம் தெளிஞ்சப்புறம் பழனியாவே திரும்பியிருக்கலாமே?" என்றார் சகாயராஜ்.

"ரொம்ப வருஷம் கழிச்சு, அறுபத்து நாலுல, திரும்பலாம்னு நெனச்சேன். அந்த வருஷம் பாத்து நம்மாளுங்களக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. பா மௌங்கே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அர்ச்சனா போனை எடுத்து ஒலிப்பதிவு பொத்தானை அழுத்தப் போய், நிறுத்தினார். "ஒரு சிக்கல் இருக்கு. நான் குற்றவாளிகள் பிரிவு. சாட்சிகள் பிரிவை நாங்க பல வருஷம் முன்னாடியே மூடிட்டோம். உயிரோட யாரும் இருக்க வாய்ப்பில்லைன்னு."

"அப்ப சாட்சியக் கண்டுபுடிச்சது தப்பா மேடம்?"

"தப்பில்லை. வெச்சுக்க இடமில்லை."

இப்படி ஒரு வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்பது அர்ச்சனாவுக்கு அரை நிமிடம் கழித்து உறைத்தது. ஒலிப்பதிவை அழுத்திப் போனைப் பழனியின் மடியில் வைத்தார். "சொல்லுங்க ஐயா. கோமுரா என்ன செஞ்சான்?"

"எங்கண்ணன் பேரு முத்துக்கருப்பன். அத மொதல்ல எழுதுங்க."

"பதிவாகுது."

"எழுதுங்க."

அர்ச்சனா தன் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார். பழனி அதைப் படிக்கத் தெரிந்தவர்போலப் பார்த்துத் தலையாட்டினார்.

"மண்ணு அள்ளிக்கிட்டிருந்தோம். விசிலு அடிச்சுது. நாங்க எல்லாம் அப்பிடியே குனிஞ்சுட்டோம். எங்கண்ணன் கைலிய மடிச்சுக் கட்டியிருந்தான். தொட தெரியக் கும்பிடலாமா? மொதல்ல மடிப்ப இறக்கி விட்டான், அப்பறம் குனிஞ்சான். நம்ம மரியாத அது. அந்த நேரந்தான், வேற ஒண்ணும் இல்ல. கோமுராவுக்கு அது பிந்திப்போச்சு." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "எங்க அம்மா எங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லிக்குடுத்துச்சு. அவ்வளவு அடி வாங்கியும் இந்தக் கை அத மறக்கல."

சகாயராஜ் தன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவருடைய அறிக்கையின் எட்டுப் பக்கங்களும் அங்கே இருந்திருந்தால் அவற்றையும் அதே பாக்கெட்டில் திணித்திருப்பார்.



அர்ச்சனா வராந்தாவுக்குப் போய் டிரஸ்டிகளுக்குப் போன் செய்தார். 'நான் சொன்னது தவறு' என்ற வாக்கியத்தைச் சொல்வதற்குள் மூன்று முறை தொண்டையைக் கனைத்தார்; குழுவின் வரலாற்றில் அந்த வாக்கியத்துக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. நாலாவது கனைப்பில் சொல்லிவிட்டார். மறுமுனையில் கொஞ்சம் கத்தினார்கள். பிறகு, ஜப்பான் பேய் இல்லை என்றால் சரி என்று வைத்துவிட்டார்கள்.

"கட்டில் இருக்குல்ல?" என்று கேட்டார் சாயிமா.

"இருக்கு."

சாயிமா உடனே சமையலறைப் பக்கம் பார்த்துச் சோறு கொண்டுவரக் குரல் கொடுத்தார். பழனி நிறையச் சாப்பிட்டார். மீன் குழம்பில் புளி போதாது என்று தமிழில் சொன்னார். இத்தனை வருடங்களாக அதைச் சொல்ல முடியாமல் இருந்தவரின் குரல் அது.

அதற்குள் அர்ச்சனாவின் விரல்கள் போனில் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் வந்தபோது இருந்த கம்பீரம் திரும்பிவிட்டது. ஆனால் இப்போது அது கொஞ்சம் நல்ல காரணத்துக்காக என்று சகாயராஜுக்குத் தோன்றியது. "தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேன். சாட்சி கிடைச்சாச்சு. வழக்கைத் திரும்பத் திறக்கலாம். மூடின பிரிவோட அலமாரியை உடைச்சாவது திறந்து, கோமுரா எங்கேன்னு பாக்கச் சொல்லியிருக்கேன். மிஸ்டர் சகாயராஜ், இது உலகத்துல இதுவரைக்கும் நடந்ததே இல்லை."

"என் அறிக்கை?"

"அதை யாரும் படிக்கலை. அட்டாச்மென்ட் திறக்கலையாம். மெயில்ல நீங்க எழுதின நாலு வரியையும் வீடியோவையும் மட்டும்தான் பாத்தோம்."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தொழில்நுட்பத்துக்குச் சகாயராஜ் நன்றி சொன்னார்.

பழனி கையைக் கழுவிவிட்டு வந்தார். இவர்கள் பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறது; அந்த ஆளுக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பதைச் சாயிமா அன்றுதான் தெரிந்துகொண்டார். "திரும்பக் கோர்ட்டு வைப்பாங்களா?"

"வைக்கலாம் ஐயா. முயற்சி பண்றோம்."

"அப்ப இந்தத் தடவ நான் ஓட மாட்டேன்."

அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வாசலில் அப்போது யூனிஃபார்ம் போட்ட தண்ணீர் கேன்காரன் ஒருவன் வந்து எட்டிப் பார்த்தான். பழனி அந்தச் சட்டையைப் பார்த்தார். வலது கை இடுப்புக்குப் போனது. இறக்கிவிடவில்லை. கைலியின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் அள்ளி, முழங்காலுக்கு மேல் மடித்து, இறுக்கிக் கட்டினார். முதுகு நேராக இருந்தது.

"வாங்க, போலாம்," என்றார். "எங்க இருக்கான் அவன்? எங்கண்ணன் பேர அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்."

அர்ச்சனாவின் போனில் பதில் வந்திருந்தது. அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு போனைச் சகாயராஜிடம் நீட்டிவிட்டு, தன் உள்ளங்கையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோமுரா 1983-லேயே, சொந்த ஊரில், சொந்தக் கட்டிலில், தூக்கத்தில் செத்துப்போயிருந்தான்.